திரைப்படக் கல்லூரியை எடைபோட: முதலில் அங்கே படித்தவர்களின் படங்களைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: "என் தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஒளிப்பதிவுதான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். சென்னையைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் திரைப்படப் பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குச் சில லட்சங்கள். எங்கள் வீட்டில் சினிமா பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. கல்விக் கடன் வாங்கித்தான் சேர்க்க முடியும். விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு கல்லூரியை எப்படி எடைபோடுவது?"

நான் படத்தொகுப்பாளன். திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வெவ்வேறு கல்லூரிகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கவும், கடைசி ஆண்டுப் படங்களுக்கு மதிப்பெண் போடவும் போய்வருகிறேன். ஒருவர் கேமராவில் எடுத்து வந்ததையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற ஆள் எடிட்டர்தான். அதனால் ஒரு கல்லூரி தன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பது அவர்களுடைய ஃபுட்டேஜைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கும் அந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

கல்லூரிக்குப் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "போன வருடம் படிப்பு முடித்த பேட்ச் எடுத்த கடைசி ஆண்டுப் படங்கள் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?" எல்லாவற்றையும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். உடனே நல்ல காட்சிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்றை, ஷோரீல் என்று, அனுப்புவார்கள். விருது வாங்கிய படம் ஒன்றின் இணைப்பும் வரும். நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் எங்கே போட்டாலும் முளைத்துவிடுகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுடைய படத்தை வைத்துக் கல்லூரியின் தரத்தைச் சொல்ல முடியாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருபதாவது இடத்தில் இருக்கும் மாணவர் எடுத்த படம் எப்படி இருக்கிறது? நீங்கள் கட்டப்போகிற பணத்துக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடியது அந்த இருபதாவது மாணவருக்குக் கிடைத்த பயிற்சிதான்.

ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். பேட்சில் முப்பதுக்கு மேல் மாணவர்கள். என் முன்னால் வைத்தது ஆறு படங்கள். மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று டைட்டில் கார்டில் தேடினால் தயாரிப்பு நிர்வாகம், கலை உதவி, உடை, கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று குறித்துவைக்கும் வேலை) என்று பெயர்கள் வரிசையாக ஓடின. ஆறில் நான்கு படங்களுக்கு ஒளிப்பதிவு ஒரே ஆள். அவர் மாணவரே கிடையாது, வெளியிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர். ஒளிப்பதிவைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்த ஒரு பெண்ணிடம், "மூன்று வருடத்தில் எத்தனை நாள் கேமராவைக் கையில் வைத்துப் படம் எடுத்திருப்பாய்?" என்று கேட்டேன். யோசித்து, விரல்விட்டு எண்ணி, "ஒன்பது நாள் சார்" என்றாள். அவளுடைய அப்பா அந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்திருந்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்தான்.

ஆக, படங்கள் கைக்கு வந்ததும் கதையைப் பார்ப்பதற்கு முன்னால் டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி மூன்றும் மாணவர்கள் செய்தவையா? வருகிற பெயர்கள் அந்த பேட்ச் பட்டியலில் இருக்கின்றனவா? ஒரே பெயர் ஐந்து படங்களில் வந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பே போகவில்லை என்று அர்த்தம். கேமராத் துறையில் பெண்களின் பெயர் எத்தனை?

அப்புறம் படத்தைப் பாருங்கள். சினிமா தெரியாதவர்கள் என்று தயங்க வேண்டாம். ஆயிரம் படம் பார்த்த கண் உங்களுக்கு இருக்கிறது. இரவுக் காட்சியிலும் வீட்டுக்குள் நடக்கும் காட்சியிலும் முகம் தெரிகிறதா, எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது என்று நம்ப முடிகிறதா? ஒருவர் பேசும்போது மதிய வெயிலாகவும், எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்போது சாயங்காலமாகவும் இருந்தால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தரவில்லை. வசனம் தெளிவாகக் கேட்கிறதா, இல்லை பின்னணி இசையைப் போட்டு எல்லாவற்றையும் மூடியிருக்கிறார்களா? ஒலி மோசமாக இருக்கும் கல்லூரியில் பெரும்பாலும் மற்றவையும் மோசமாகத்தான் இருக்கும். ஏனென்றால் விளம்பரத்தில் காட்ட முடியாத துறை ஒலிதான்; அதற்கும் செலவழிக்கிறவர்கள் மனதாரக் கல்விக்காகச் செலவழிக்கிறவர்கள். இன்னொன்று, எல்லாப் படங்களும் ஒரே ஆள் எடுத்தவைபோல இருக்கின்றனவா என்று கவனியுங்கள். எல்லாவற்றிலும் அதே ட்ரோன் ஷாட், அதே ஸ்லோமோஷன் என்றால், அங்கே கருவியை இயக்கக் கற்றுத்தந்திருக்கிறார்கள். எதற்காக எடுக்கிறோம் என்ற பேச்சு நடக்கவில்லை.

படங்களைக் காட்டவே மாட்டோம் என்று சொன்னால்? விழாக்களுக்கு அனுப்பியிருப்பதால் இணையத்தில் போட முடியாது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். திரையிடாத படங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும் விழாக்கள் உண்டு. "நேரில் வருகிறோம், கல்லூரியிலேயே போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

அடுத்தது கேமரா. கல்லூரிக்குப் போனால் கண்ணாடி அலமாரியில் ஆரி, ரெட், சோனி என்று வரிசையாகக் காட்டுவார்கள். எந்த மாடல் என்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு மாணவருக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். அறுபது மாணவர்கள், மூன்று நல்ல கேமராக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செமஸ்டரில் பதினைந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். மூன்று கேமராவுக்கும் சேர்த்து 225 நாள். அறுபதால் வகுத்தால் ஆளுக்கு நான்கு நாள்கூட வராது. அதிலும் வகுப்பில் செய்துகாட்டும் நாள், பழுதுபார்க்கப் போன நாள், சீனியர்கள் படத்துக்கு எடுத்துப்போன நாள் எல்லாம் கழியும். இருபது மாணவர்கள், சாதாரண விலையில் எட்டு கேமராக்கள் இருக்கிற கல்லூரி இதைவிட எவ்வளவோ மேல். கருவிகளைக் கொடுத்து வாங்கும் ஸ்டோருக்குப் போய், அங்கே இருப்பவரிடம் நட்பாகப் பேசுங்கள். மாணவர் கேமரா கேட்டால் எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும், இரவில் தருவார்களா, ஞாயிற்றுக்கிழமை தருவார்களா, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி உண்டா, லென்ஸ் உடைந்தால் யார் பணம் கட்டுவது, இன்சூரன்ஸ் இருக்கிறதா? அந்தப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கிடைத்தால், முதல்வர் அறையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

ஒளிப்பதிவு படிக்கப் போகிறவர் என்பதால் விளக்குகளைப் பற்றியும் கேளுங்கள். ஒரே ஒரு லைட்டை வைத்து ஒரு முகத்தை இருபது விதமாக எடுக்கிற பயிற்சியை முதல் வருடமே கொடுக்கிறார்களா? ஷூட்டிங் ஃப்ளோர் என்று ஒரு கூடம் இருந்தால் அதில் இந்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தால், நீங்கள் குறிப்பிடாத அரசு நிறுவனங்களை ஏன் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பது புரியும். சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1945இல், ஒரு பாலிடெக்னிக்கின் பகுதியாக, ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் சொல்லித்தரத் தொடங்கியது. சினிமாக்காரர்கள் இன்றும் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்வார்கள். இயக்குநர் ருத்ரய்யாவும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமும் அங்கிருந்து வந்தவர்கள். 1986இல் அந்த நிறுவனத்தின் மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' படத்தை எடுத்து ஓடவைத்த பிறகுதான், படித்துவிட்டு வந்தவனுக்கும் படம் எடுக்கத் தெரியும் என்று கோடம்பாக்கம் ஒத்துக்கொண்டது. இப்போது அங்கே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டு காட்சிக்கலை இளங்கலைப் பட்டம் இருக்கிறது; பட்டத்தை வழங்குவது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். ஒளிப்பதிவு தனித் துறை. துறைக்குச் சேர்ப்பது ஒரு சிறு வகுப்பு அளவுக்குத்தான். கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சேர்க்கை அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்தார் என்பதைத் தொழில்நுட்பத் துறைகள் பார்க்கும். இடம் கிடைப்பது கடினம். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

பூனாவின் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது. பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்தவர். கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம் 1995இல் வந்தது. இரண்டுக்கும் 2025இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. ஒளிப்பதிவு முதலான முக்கியப் படிப்புகளில் சேர ஏதாவது ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். அதனால் உங்கள் தங்கைக்கு அவை இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது, இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து ஊரில் அதிகச் செலவில்லாமல் இயற்பியலோ, விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்), இலக்கியமோ ஒரு பட்டம் முடித்து, அந்த மூன்று வருடமும் படம் எடுத்துப் பழகிக்கொண்டு, இருபத்தொரு வயதில் பூனாவுக்கும் கொல்கத்தாவுக்கும் தேர்வு எழுதலாம். வருடத்துக்குத் துறைக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் எடுக்கிறார்கள். கான் திரைப்பட விழாவில் உலகெங்கும் உள்ள கல்லூரி மாணவர்களின் படங்களுக்கென்று ஒரு போட்டிப் பிரிவு உண்டு. 2020லும் 2024லும் அதில் முதல் பரிசு பூனா மாணவர்களின் படங்களுக்குத்தான் போனது. அதே சமயம், அங்கேயும் எல்லாம் சீராக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டுப் படிப்பு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போன பேட்சுகள் உண்டு. 2015இல் நிறுவனத் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனவே எந்த நிறுவனமாக இருந்தாலும், "மூன்று வருடப் படிப்பைப் போன பேட்ச் உண்மையில் எத்தனை வருடத்தில் முடித்தது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தனியார் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பாடத்திட்டம் பெரும்பாலும் இணையதளத்திலேயே இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒளிப்பதிவு என்ற பெயரில் மொத்தம் எத்தனை தாள், எத்தனை கிரெடிட் என்று எண்ணுங்கள். படிப்பின் பெயரில் திரைப்படம் இருக்கும். உள்ளே பார்த்தால் இதழியல், விளம்பரம், மக்கள் தொடர்பு, கிராஃபிக் டிசைன் எல்லாம் கலந்து, ஒளிப்பதிவு ஒரே ஒரு செமஸ்டரில் வந்துபோகும். அது மோசமான படிப்பு என்று சொல்ல வரவில்லை. விஸ்காம் படித்துவிட்டுச் சினிமாவில் நன்றாக வந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒளிப்பதிவுப் படிப்புக்கான கட்டணத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

ஆசிரியர்கள் விஷயத்தில் ஏமாறுவது எளிது. விளம்பரத்தில் பெரிய இயக்குநர், பெரிய கேமராமேன் படம் இருக்கும். அவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மணி நேரம் பேசி, எல்லாருடனும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பேச்சால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்த செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் தங்கை எடுத்துவந்த மோசமான ஷாட்டைத் திரையில் போட்டு, எங்கே தவறினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்போகிறவர் யார்? போன செமஸ்டரின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் யார் பெயர் அடிக்கடி வருகிறதோ அவர்தான் உண்மையான ஆசிரியர். அவர் முழுநேரமா, எத்தனை வருடமாக இருக்கிறார், கடைசியாக எப்போது ஒரு படத்தில் வேலை செய்தார்? போன வருடம் போர்டில் இருந்த ஆசிரியர்களில் பாதிப் பேர் இந்த வருடம் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். மாணவர் படங்களைப் பெரிய திரையில் போட்டு, வகுப்பே உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் படித்த காலத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பேச்சுதான். அடுத்தவன் செய்த தவறைப் பார்த்து என் தவறைத் திருத்திக்கொண்டேன்.

பட்டம் செல்லுமா என்பதைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கின்றன. பட்டம் தருவது யார் என்ற பெயரை எழுத்தில் வாங்கி அதில் தேடுங்கள். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு தனியார் அகாடமி வகுப்பெடுக்கும், பட்டம் மட்டும் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் வரும். "இணைந்து வழங்கும்" என்ற சொல் விளம்பரத்தில் இருந்தால், சான்றிதழில் என்ன அச்சாகும், முழுநேரப் படிப்பு என்று போடுவார்களா என்று மாதிரிச் சான்றிதழையே கேளுங்கள். சினிமாவில் யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நாளைக்கு அவள் பூனாவுக்கு விண்ணப்பிக்கவோ, வெளிநாட்டில் மேலே படிக்கவோ, கல்லூரியில் ஆசிரியராகவோ விரும்பினால் பட்டம் வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நீங்கள் கடன் வாங்கப் போகிறீர்கள். கல்லூரி சொல்லும் கட்டணம் பெரும்பாலும் வகுப்பறைக்கான கட்டணம்தான். கடைசி ஆண்டுப் படத்துக்கான செலவை யார் ஏற்பது? லொகேஷன் வாடகை, நடிகர்களுக்குச் சாப்பாடு, வேன், ஜெனரேட்டர், ஆர்ட், லைட்மேன் பேட்டா, டப்பிங், ஹார்ட் டிஸ்க் என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு குறும்படத்துக்கு லட்சங்களில் செலவழிக்கும் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பணமில்லாத பிள்ளை உட்காரும்போது, அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல அடுத்தவர் படத்தில் உதவியாளராக மாறிவிடுகிறது. நான் பார்த்த கல்லூரிகளில் பாதிக்கு மேல் இந்தக் கொடுமை நடக்கிறது, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. நல்ல கல்லூரி இரண்டில் ஒன்றைச் செய்யும்: படச்செலவுக்குக் கல்லூரியே பணம் தரும், அல்லது இவ்வளவுக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கும். இரண்டும் இல்லாத இடத்தில், இரண்டாம் வருட மாணவர்களிடம் மொத்தம் எவ்வளவு செலவானது என்று கேட்டு, அதைக் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்படிக் கூட்டிய தொகையைக் கல்லூரியின் கட்டணக் கடிதத்திலேயே படத் தயாரிப்புச் செலவு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். படிப்பை முடிக்கத் தேவையான புராஜெக்ட் செலவுகளையும் வங்கிகள் கல்விக் கடனில் ஒரு வரம்புக்குள் சேர்த்துக்கொள்ளும்; கடிதத்தில் இல்லாததைச் சேர்க்காது. அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் தர வழியிருக்கிறது. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டையோ நிலத்தையோ கேட்பார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், நிலத்தை ஈடு வைக்க வேண்டிய அளவுக்குக் கட்டணம் உள்ள கல்லூரியை விட்டுவிடுவேன். உதவி ஒளிப்பதிவாளராக முதல் சில வருடங்களில் கிடைக்கும் வருமானம் தொடர்ச்சியாக வராது. படம் இருக்கும் மாதம் இருக்கும், இல்லாத மாதம் இருக்காது. மாதத் தவணை அப்படி நிற்காது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன்னால் விலகினால், சிறு பிடித்தம் போக முழுப்பணத்தையும் தர வேண்டும்; அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே போய், கடைசித் தேதி கடந்து முப்பது நாளுக்கு மேல் ஆனால் எதுவும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்; கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. "இன்றைக்கே கட்டினால்தான் இடம்" என்று அவசரப்படுத்தினால், கட்டாமல் வீட்டுக்குக் கிளம்பி வாருங்கள்.

எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1929இலிருந்து இயங்கும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில், வகுப்புக்காக எடுக்கும் படம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம்; நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கே சொந்தம். இரண்டுமே பெரிய இடங்கள்தான், விதிதான் வேறு. இங்கே பல கல்லூரிகளில் இதற்கு எழுத்தில் ஒரு விதியே கிடையாது. ஒளிப்பதிவாளருக்கு இது இயக்குநர் அளவுக்குச் சிக்கல் இல்லை. ஆனாலும் தான் எடுத்த காட்சிகளைத் தன் ஷோரீலில் வைத்துக்கொள்ளவும் விழாக்களுக்கு அனுப்பவும் அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

உங்கள் தங்கைக்காகத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தமிழ் சினிமாவில் பி.ஆர். விஜயலட்சுமி 1980களிலேயே தனியாக ஒளிப்பதிவு செய்துவிட்டார். பூனாவில் படித்த பௌசியா பாத்திமா போன்றவர்கள் சேர்ந்து 2017இல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்களுக்கென்று ஒரு கூட்டமைப்பையே தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பக்கத்தைத் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் கல்லூரிப் படப்பிடிப்புகளில் "கேமரா கனமாக இருக்கும், நீ கண்டினியூட்டி எழுது" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. எனவே அங்கே படிக்கும் பெண் மாணவி ஒருவரிடம், ஆசிரியர்கள் பக்கத்தில் இல்லாதபோது, தங்கையே பேசட்டும். இரவுப் படப்பிடிப்புக்கு விடுதியில் அனுமதி உண்டா, முடிந்து திரும்ப வண்டி யார் ஏற்பாடு செய்வார்கள், புகார் கொடுத்தால் கேட்பதற்குச் சட்டப்படி இருக்க வேண்டிய உள் புகார் குழு இருக்கிறதா, அதில் இருப்பவர்களின் பெயர் மாணவிகளுக்குத் தெரியுமா? பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களைச் சாயங்காலம் ஆறு மணிக்கே விடுதியில் பூட்டிவைக்கும் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஒளிப்பதிவாளருக்கு வேலையே தொடங்குகிறது.

படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு, கல்லூரி கொடுக்கும் வேலைவாய்ப்பு சதவீதத்தை நம்ப வேண்டாம். டி.வி. சேனலில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனதும் அதில் ஒரு வேலையாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் முடித்த பேட்சில் மூன்று பேரின் போன் எண்களைக் கேளுங்கள், ஒளிப்பதிவுத் துறைக்குப் போக நினைத்தவர்களாகப் பார்த்து. அவர்களிடம், "மறுபடியும் பதினெட்டு வயதானால் இங்கேயே சேர்வீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். சென்னையில் பெரிய படங்களில் உதவியாளராக வேலை செய்ய சங்க உறுப்பினர் அட்டை வேண்டியிருக்கும். எந்தக் கல்லூரிச் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதைக் கல்லூரியிடம் கேட்காதீர்கள், தென்னிந்திய ஒளிப்பதிவாளர்கள் சங்கத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போவதாக இருந்தால், அவர்களே அழைத்துச் சுற்றிக்காட்டும் நாளில் போகாமல், செமஸ்டர் நடக்கும்போது ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். நல்ல திரைப்படக் கல்லூரி அந்த நேரத்தில் சந்தை மாதிரி இருக்கும். யாரோ ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எடிட் அறையில் விளக்கு எரியும், ஒருவர் வாசலில் உட்கார்ந்து திரைக்கதையைக் கிழித்துக்கொண்டிருப்பார். நான்கு மணிக்கு மணியடித்து, பஸ்கள் கிளம்பி, எல்லா அறையும் பூட்டியிருந்தால் அது வேறு வகைக் கல்லூரி. வெளியே டீக்கடையில் நின்று இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். முதல் வருடத்தினருக்கு இன்னும் ஆசை குறைந்திருக்காது. மூன்றாம் வருடத்தினருக்கு முடித்துவிட்டால் போதும் என்றிருக்கும். இரண்டாம் வருடத்தினர்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

கல்லூரியே வேண்டுமா, நேராக ஒரு ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராகச் சேரக் கூடாதா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். நான் மேலே சொன்ன பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து கற்றவர்தான். ஆனால் அவர் இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள், சினிமா வீட்டுக்குள்ளேயே இருந்தது. சினிமாவில் யாரையும் தெரியாத வீட்டிலிருந்து, பதினெட்டு வயதில், ஒரு பெண் தனியாகச் சென்னைக்கு வந்து அந்த வாசலில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கல்லூரி தருகிற பெரிய உதவி, தவறு செய்ய அனுமதியும், கூடவே வளரும் இருபது பேரும். என் முதல் மூன்று படங்களும் என்னோடு படித்தவர்கள் கூப்பிட்டுக் கொடுத்தவை. அதனால் நல்ல கல்லூரி கிடைத்தால் சேருங்கள் என்றுதான் சொல்வேன். நல்லது கிடைக்கவில்லை என்றால், கிடைத்ததில் லட்சங்களைப் போடாமல், மலிவான பட்டத்தோடு மூன்று வருடம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

இந்த இடைப்பட்ட மாதங்களில் தங்கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் அம்மாவையோ பாட்டியையோ உட்காரவைத்து, காலை, உச்சிப்பொழுது, மாலை, மழை நாள் என்று ஒரு மாதம் தினமும் மொபைலிலேயே எடுக்கட்டும். ஃபில்டர் எதுவும் வேண்டாம். அதில் இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டு, நேர்காணலுக்கு எடுத்துப்போகட்டும். மேசையில் அவற்றைப் பரப்பும்போது எதிரில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவராவது ஒரு படத்தைக் கையில் எடுத்து, "இது எத்தனை மணிக்கு எடுத்தது? பாட்டியை ஏன் இந்தப் பக்கம் திருப்பினாய்?" என்று கேட்டால், அங்கே அவளுக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார். படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு முதல் தவணையை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டால், படங்களை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிடட்டும்.